சர் தியோபால்ட் பாலம் காத்த கதை

சர் தியோபால்டுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய கவசத்துக்கு இருபத்திரண்டு. கொஞ்ச காலமாக இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கவசம் செய்த நாளில் அவருக்கு வயிறு கிடையாது.

அந்தக் கவசத்தை மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டு, செப்டம்பர் மாதத்து ஒரு காலையில் அவர் வென்னல் ஆற்றின் மரப்பாலத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், மலையும் மழையும் நிறைந்த சீமை அது. குதிரை களைத்திருந்தது. பணியாள் கூட இல்லை. இருந்த ஒருவனும் மூன்று ஊருக்கு முன்னால் ஒரு சத்திரத்துச் சமையற்காரியைக் கண்டு, அங்கேயே நின்றுவிட்டான்.

பாலத்தின் நடுவில் ஒருவர் மண்டியிட்டுப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சாக்குத்துணி அங்கி. இடுப்பில் கயிறு. வாயில் நான்கு ஆணிகள்.

"துறவி ஆல்வினைப் பார்க்க வேண்டும்," என்றார் தியோபால்ட்.

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"பார்த்துவிட்டீர்கள்," என்றார்.

தியோபால்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சபதம் முடியும்வரை பாலத்தடித் துறவியைக் குருவாகக் கொள்ள வேண்டும் என்று கோட்டைப் பாதிரியார் சொல்லி அனுப்பியிருந்தார். வெண்தாடியும் நடுங்கும் குரலுமாக ஒரு கிழவரை அவர் வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தார். இந்த ஆளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாடி இருந்தது. அதில் வெள்ளையாக இருந்ததெல்லாம் மரத்தூள்.

"நீங்கள் துறவிதானா?"

"தச்சனாக இருந்தேன். இப்போதும் தச்சன்தான். ஜெபம் கூடுதல்."

தியோபால்ட் குதிரையிலிருந்து இறங்கினார். இறங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வாளின் கைப்பிடியில் கைவைத்து நிமிர்ந்தார்.

"குருவே, இன்றிலிருந்து நாற்பது நாள் இந்தப் பாலத்தை நான் காக்கப்போகிறேன். என்னோடு பொருதாமல் எவரும் இதைக் கடக்க முடியாது. அவிஸ் சீமாட்டியின் சபையில், எல்லோர் முன்னிலையிலும் செய்த சபதம்."

ஆல்வின் கொஞ்சம் யோசித்தார்.

"நானும் ஒரு சபதம் செய்திருக்கிறேன்," என்றார்.

"என்ன சபதம்?"

"இங்கே வருகிற எல்லோரையும் அக்கரை சேர்ப்பதாக."

தியோபால்ட் வாளிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படியானால் நாம் இருவரும் சண்டையிட வேண்டுமா, குருவே?"

"முதலில் சாப்பிடுவோம்," என்றார் ஆல்வின்.

*

மறுநாள் காலை முதல் எதிரி வந்தாள். பெயர் மார்ஜரி. அக்கரைத் தாழ்வில் இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவள். நாற்பது வாத்துகளை இக்கரைப் புல்லுக்கு ஓட்டி வந்து, போகிற வழியில் சந்தையில் முட்டை விற்பது அவள் பிழைப்பு.

தியோபால்ட் கேடயத்தை முன்னே பிடித்தார். ஈட்டியை நிலத்தில் ஊன்றினார்.

"நில். இந்தப் பாலத்தின் காவலன் சர் தியோபால்ட். ஈட்டியா, வாளா, கோடரியா? உன் ஆயுதத்தைச் சொல்."

மார்ஜரி கூடையைத் திறந்து பார்த்தாள்.

"என்கிட்ட முட்டைதான் இருக்கு எசமான்," என்றாள்.

வீரர்கள் வருவார்கள் என்று நினைத்து வந்தவர் தியோபால்ட். வாத்துக்காரிகள் வருவார்கள் என்று நினைக்கவில்லை. பாலத்தடியில் நின்றுகொண்டிருந்த ஆல்வினைப் பார்த்தார்.

"குருவே, ஒரு சிக்கல்."

"சபதத்தில் சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள்?"

"எவரும் என்று."

"எந்த வீரனும் என்று சொல்லவில்லையா?"

"சொல்லியிருக்கலாம். மூன்றாவது கோப்பை மது அது."

"அப்படியானால் இந்த அம்மாளோடு சண்டையிட வேண்டும்."

"முடியாது. வீரப்பட்டம் பெற்ற அன்று வேறொரு சபதம் செய்திருக்கிறேன். பெண்கள்மேல் கை ஓங்கமாட்டேன் என்று."

"இன்னும் எத்தனை சபதங்கள் இருக்கின்றன?"

"மொத்தம் பதினொன்று, குருவே."

மார்ஜரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு. ரெண்டு பேரும் பேசி முடிச்சுச் சொல்லுங்க," என்றாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாத்துகள் பாலத்தில் ஏறிவிட்டன. தியோபால்ட் பதறிப்போய் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார். வாத்துகள் அதன் அடியில் குனிந்து வந்தன.

"சபதம் போச்சே குருவே."

"போகவில்லை. எவரும் என்பது உயர்திணை. வாத்து அஃறிணை. அவை போகலாம்."

தியோபால்ட் அதைச் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஈட்டியைத் தூக்கி வழிவிட்டார். நாற்பது வாத்துகளும் அரசவைக்குப் போவதுபோல் கழுத்தை நிமிர்த்திப் பாலத்தைக் கடந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள்.

பாதி ஆற்றில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தியோபால்டுக்கு நன்றாக இருந்திருக்கும்.

*

வீரர்கள் வரவில்லை. அது சந்தைக்குப் போகிற வழி. ஆலைக்காரர் ஹாப் வந்தார், மாவு மூட்டையோடு. உப்பு விற்பவன் வந்தான். இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். எல்லோரும் நல்ல பாலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை ஆல்வின் முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தார். ஒரு நாளைக்குப் பத்து முறை. சந்தை நாளென்றால் முப்பது.

"ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்டார் தியோபால்ட்.

"பாலத்தின் வழியாகச் சேர்ப்பேன் என்று நான் சொல்லவில்லையே."

தியோபால்டுக்கு நீண்ட நாளாக ஒரு கேள்வி இருந்தது. குரு என்று ஒருவர் கிடைத்துவிட்ட பிறகு கேட்காமல் இருப்பதும் சரியல்ல. பன்னிரண்டாம் நாள், ஆல்வின் ஈர அங்கியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது கேட்டார்.

"குருவே, வீரம் என்றால் என்ன?"

ஆல்வின் வாயைத் திறந்தார். அக்கரையிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

"இருங்கள்," என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினார். போய், கால் ஊனமான ஒரு செருப்புத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டார். மூச்சு வாங்கினார்.

"என்ன கேட்டீர்கள்?"

"வீரம் என்றால் என்ன என்று."

"நல்ல கேள்வி. அது..."

மறுபடி கைதட்டல். இந்தமுறை ஆலைக்காரர் ஹாப். அவரைச் சுமந்து வருவது ஒருவரைச் சுமப்பதல்ல, ஒன்றரைப் பேரைச் சுமப்பது. ஆல்வின் திரும்பி வந்தபோது முகம் சிவந்து, கால்கள் நடுங்கின.

"கேளுங்கள்," என்றார்.

"வீரம்..."

இக்கரையிலேயே மார்ஜரி வந்து நின்றாள். சந்தை முடிந்து வீடு திரும்புகிறாள். காலில் முள் குத்தி வீங்கியிருந்தது. ஆல்வின் பேசாமல் முதுகைக் குனிந்து காட்டினார்.

அவர் மூன்றாம் முறை திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "உங்கள் கேள்விக்கு இன்று பதில் சொல்ல நேரமே கிடைக்கவில்லை," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

தியோபால்ட் கவசத்தின் வார்களை அவிழ்க்க ஆள் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

*

இருபதாம் நாள், முள்ளங்கிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆல்வின் கேட்டார்.

"அந்தச் சீமாட்டி உங்களிடம் என்னதான் சொன்னார்?"

தியோபால்டின் முகம் மலர்ந்தது. கணவரை இழந்து கோட்டையைத் தனியாக ஆண்டுவந்தவர் அவிஸ் சீமாட்டி. அவரைப் பற்றிப் பேச யாராவது கேட்கமாட்டார்களா என்று இருபது நாளாகக் காத்திருந்தார் தியோபால்ட்.

"அறுவடை விருந்து. எனக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தார். பெருமூச்சு விட்டார். 'அந்த வென்னல் பாலத்தை யாராவது பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்' என்றார். உடனே எழுந்து வாளை உருவினேன். நான் காப்பேன் என்றேன். சபையே நிமிர்ந்து பார்த்தது. சர் கில்பெர்ட் சிரித்தான்."

"யார் அவர்?"

"பக்கத்துக் கோட்டைக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். தான் ஜெயித்த சண்டைகளைக் கேட்காமலே சொல்வான். நாற்பது நாளுக்குள் அக்கரைப் பக்கமாக வந்து என்னை ஆற்றில் தள்ளிவிட்டுக் கடப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்காகத்தான் காத்திருக்கிறேன்."

"சரி. பெருமூச்சு விடுவதற்கு முன்னால் சீமாட்டி என்ன பேசிக்கொண்டிருந்தார்?"

"அதற்கு முன்னாலா? ஏதோ வண்டி பற்றி. பாலத்துப் பலகை இடுக்கில் சக்கரம் மாட்டி உடைந்ததாம். ஒரு பீப்பாய் மது ஆற்றோடு போனதாம்."

ஆல்வின் குனிந்து கஞ்சியைக் கலக்கினார். தோள்கள் லேசாகக் குலுங்கின.

"சிரிக்கிறீர்களா குருவே?"

"இல்லை. புகை."

தியோபால்ட் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவர் சொன்னது ஆணியைப் பற்றியா?"

"எனக்குச் சீமாட்டிகளைத் தெரியாது," என்றார் ஆல்வின். "சக்கரங்களைத் தெரியும்."

அன்று தியோபால்ட் கஞ்சி குடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் வார்களைக் கட்டச் சொல்லி முதுகைக் காட்டினார்.

"இன்னுமா?" என்றார் ஆல்வின்.

"சபதம் தவறியவன் கேடயத்தைச் சபையில் தலைகீழாக மாட்டுவார்கள், குருவே. என் அப்பாவின் கேடயம் அது. அவருடைய அப்பாவுடையதும்."

ஆல்வின் வாரை இழுத்துக் கட்டினார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

*

முப்பதாம் நாள் மலையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் காலையில் வென்னல் ஆறு மண்நிறத்தில், மரக்கிளைகளையும் வைக்கோலையும் ஒரு செத்த ஆட்டையும் உருட்டிக்கொண்டு ஓடியது. இறங்கிக் கடக்க வழியே இல்லை.

நண்பகல் வாக்கில் அக்கரைத் தாழ்வுக்குள் தண்ணீர் புகுந்தது. பதினேழு வீடுகள். இருந்தவர்கள் எல்லோரும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் அந்த முனைக்கு ஓடிவந்தார்கள். மேடும், மேட்டின்மேல் தேவாலயமும் இக்கரையில் இருந்தன. முன்னால் மார்ஜரி. பின்னால் ஹாப், குழந்தைகள், பன்றியைத் தோளில் போட்ட ஒருவன், தொட்டிலோடு ஒரு தாய்.

பாலத்தின் இந்த முனையில் சர் தியோபால்ட் முழுக் கவசத்தில் நின்றிருந்தார்.

"குருவே," என்றார்.

மழையில் நனைந்தபடி ஆல்வின் பாலத்தின் மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் சபதம் இன்று இந்தப் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும்," என்றார். "உங்களுடையதை நீங்கள் பாருங்கள்."

மார்ஜரி காத்துக்கொண்டிருக்கவில்லை. வாத்து ஓட்டும் கம்போடு நேரே நடந்து வந்து எதிரில் நின்றாள்.

"எசமான், சண்டை போட்டாத்தானே விடுவீங்க?"

"ஆமாம். ஆனால் உன்மேல் நான் கை ஓங்க முடியாது."

"நீங்க ஓங்க வேணாம். நான் ஓங்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் கம்பு இறங்கியது. தலைக்கவசம் கோயில் மணிபோல் அதிர்ந்தது. தியோபால்ட் காதுக்குள் ஒலி அடங்கும்வரை அசையாமல் நின்றார். அந்த ஒலியின் நடுவில் அவருக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பொருதாமல் கடக்க முடியாது என்றுதான் சபதம். யார் ஜெயிக்க வேண்டும் என்று சபதத்தில் இல்லை.

அவர் மண்டியிட்டார். கவசத்தோடு மண்டியிடுவது எளிதல்ல.

"தோற்றேன்," என்றார். "கடந்து போ, அம்மா. அடுத்தவரை வரச்சொல்."

அடுத்தவர் ஹாப். மாவு கிளறும் துடுப்பால் ஒன்று வைத்தார். "தோற்றேன், கடந்து போம்." உப்பு விற்பவன் வெறுங்கையால் தட்டிவிட்டு விரலை உதறிக்கொண்டு ஓடினான். ஒரு முதியவர் ஊன்றுகோலால் தொட்டார். தொட்டிலை வைத்திருந்த தாய் இரு கைகளும் நிறைந்திருந்ததால் காலால் உதைத்தாள். குழந்தையின் பிஞ்சுக் கையையும் எடுத்துக் கேடயத்தில் ஒருமுறை தட்டவைத்தாள். சபதத்தில் குழந்தைக்கு விலக்கு உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முப்பத்து மூன்று நாளாக ஆற்றில் இறங்கி நடந்தவர்கள் அவர்கள். சிலர் கொஞ்சம் ஆர்வத்தோடுதான் அடித்தார்கள். ஹாப் திரும்பி வந்து, தன் மனைவியின் முறையையும் தானே அடிக்கலாமா என்று கேட்டார்.

தியோபால்ட் வாழ்நாளில் மொத்தம் ஆறு சண்டைகளில்தான் தோற்றிருந்தார். அந்தப் பகலில், கால் நாழிகைக்குள், இருபத்தேழில் தோற்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மனம் அவ்வளவாக வலிக்கவில்லை. தலைதான் வலித்தது.

அப்போது பாலத்தின் அடியில், நடுப்பக்கம், எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

*

ஆல்வின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நடு உத்திரத்தின் முட்டு நழுவிவிட்டது. யாராவது உத்திரத்தைத் தோளில் தாங்கினால், புது முட்டு கொடுத்து ஆப்பு அடித்துவிடுவேன். எனக்கு அவ்வளவு பலம் இல்லை. எடையும் இல்லை. வெள்ளம் இழுத்துவிடும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து முறை பரமண்டல ஜெபம் சொல்லும் நேரம். நிறுத்தாமல் சொன்னால்."

தியோபால்ட் அக்கரையைப் பார்த்தார். இன்னும் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். பன்றிக்காரன் பாலத்தில் கால் வைத்துவிட்டான்.

"குருவே, அவர்களெல்லாம் இன்னும் என்னோடு பொருதவில்லை. நான் கீழே இறங்கினால்..."

ஆல்வின் அதைக் கேட்க அங்கே இல்லை. கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, தொடைப் பருமன் உள்ள ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி, கரையோரமாக ஏற்கெனவே இறங்கிவிட்டார்.

தோளில் துள்ளிய பன்றியை அடக்கத் தலையைக் குனிந்தபடி பன்றிக்காரன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

சர் தியோபால்ட் தன் கேடயத்தைக் கழற்றிக் கைப்பிடி மரத்தில் சாய்த்தார். ஈட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு, பாலத்தின் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிப் போனார்.

கவசம் அவரை அடியில் நிறுத்தியது. அந்த இருபத்திரண்டு வருஷத்து இரும்பு அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாக உதவியது. தண்ணீர் மார்புக்கு வந்தது. உத்திரத்தின் அடியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தார். ஒரு மலை தோளில் வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேல் பலகைகளில் காலடிகள் ஓடின. பன்றி ஒன்று கீச்சிட்டுக்கொண்டு போனது. பொருதாமல் போனது. அதன் சொந்தக்காரனும் பொருதாமல் போனான். தியோபால்டின் சபதம் அந்த இடத்தில் முறிந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"இடது தோளைக் கொஞ்சம் உயர்த்துங்கள்," என்றார், பாலத்தின் காலோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த ஆல்வின்.

உயர்த்தினார்.

காலடிகள் குறைந்தன. கடைசியாக ஓர் ஆள் ஓடினான். பிறகு, அக்கரைப் பக்கமிருந்து வேறொரு சத்தம் வந்தது. பலகைமேல் குதிரைக் குளம்பு. மெதுவாக, அவசரமில்லாமல், சரியாகத் தலைக்கு மேல் வந்து நின்றது.

குதிரையின் எடையில் தியோபால்ட் ஒரு சாண் அமிழ்ந்தார். தண்ணீர் உதட்டுக்கு வந்தது.

"சர் தியோபால்ட்," என்றது மேலே ஒரு குரல். "நான் கில்பெர்ட். சொன்னபடி வந்துவிட்டேன். எங்கே ஐயா பாலத்தின் காவலர்?"

முப்பத்து மூன்று நாள் காத்திருந்த அழைப்பு. தியோபால்ட் பதில் சொல்லத்தான் செய்தார். ஆனால் வாயிலிருந்த ஆற்றை முதலில் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. குமிழிகள் மட்டும் வந்தன.

"இரண்டாம் முறை அழைக்கிறேன், சர் தியோபால்ட்."

இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். பாலத்துக்கு வெளியே தலை தெரியும். கில்பெர்ட் குனிந்து பார்ப்பான். அவர் ஒரு காலை நகர்த்தினார். உத்திரம் முனகியது. மேலே குதிரை மிரண்டு தடுமாறியது. ஆல்வின் கொட்டாப்புளியை ஓங்கியவர் அப்படியே நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

தியோபால்ட் காலைப் பழைய இடத்தில் வைத்தார்.

"மூன்றாம் முறை," என்றது குரல். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தது. இக்கரையில் கடைசியாகப் போன ஆளிடம் கேட்டது. "ஏய், இங்கே ஒரு வீரர் இருந்தாரே?"

"அவரா? மார்ஜரி அடிச்ச அடியில மண்டியிட்டாரு. அப்புறம் ஆளைக் காணோம்."

"யார் மார்ஜரி?"

"வாத்துக்காரி."

சர் கில்பெர்ட் சிரிக்க ஆரம்பித்தான். குதிரையும் அதிரும்படி சிரித்தான். அந்தச் சிரிப்பின் எடை முழுவதும் தியோபால்டின் தோள் வழியாக இறங்கி, முதுகு வழியாக இறங்கி, ஆற்றின் அடிமண்ணுக்குப் போனது. பிறகு குளம்புகள் நகர்ந்தன. இக்கரை ஏறின. கோட்டைக்குப் போகும் பாதையில் ஓடித் தேய்ந்தன.

ஆல்வின் கடைசி ஆப்பை அடித்தார்.

"விடலாம்," என்றார்.

தியோபால்டால் உடனே விட முடியவில்லை. விடுவது எப்படி என்று தோள் மறந்துபோயிருந்தது.

*

மாலையில் மழை விட்டது. ஆல்வினின் குடிசையில், கவசத்தைக் கழற்றி அதிலிருந்த தண்ணீரையும் இரண்டு சிறு மீன்களையும் கொட்டிவிட்டு, தியோபால்ட் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்.

மார்ஜரி ஒரு சட்டியோடு வந்தாள். தேவாலயத்தில் எல்லோருக்கும் காய்ச்சிய முட்டைச் சாறு.

"இங்கதான் இருக்கீங்களா எசமான்? நாங்க தேடினோம். எங்கயோ ஓடிட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க." சட்டியை வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "என்கிட்ட தோத்ததுக்கு வெட்கப்பட வேணாம். நான் யார்கிட்டயும் சொல்லல. நாலஞ்சு பேர்கிட்டதான்."

"நன்றி," என்றார் தியோபால்ட்.

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"நான் அவ்வளவு பலமா அடிச்சிருக்க வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலத்தின் அந்த முனைவரை நடந்துபோய், தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி மேட்டுக்கு ஏறினாள்.

ஆல்வின் வெளியே வந்து, அடுப்புக்கு விறகு பிளக்க உட்கார்ந்தார். தியோபால்ட் போர்வையோடு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"கில்பெர்ட் இந்நேரம் கோட்டைக்குப் போயிருப்பான்."

"நல்ல குதிரை. போயிருப்பார்."

"வாத்துக்காரியிடம் தோற்று ஓடிவிட்டேன் என்று சொல்வான்."

"தோற்றது உண்மைதானே."

"தோற்றது உண்மை. ஓடியது?"

ஆல்வின் ஒரு கட்டையைப் பிளந்தார். அடுத்ததை எடுத்து நிறுத்தினார்.

தியோபால்ட் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "குருவே, இன்று இத்தனை பேர் என் தலைக்கு மேல் நடந்து போனார்கள். ஒருவருக்கும் தெரியாது. என் எதிரி என் தோள்மேல் நின்று என்னை நினைத்துச் சிரித்தான். அவனுக்கும் தெரியாது. சீமாட்டிக்குத் தெரியப்போவதே இல்லை. நான் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கேடயம் தலைகீழாகும். யாருக்கும் தெரியாமல் ஒருவன் செய்தது எப்படி வீரமாகும்? எனக்குப் பதில் வேண்டும். இன்று கைதட்டிக் கூப்பிட யாரும் இல்லை."

ஆல்வின் கோடரியைக் கீழே வைத்தார். ஆற்றைப் பார்த்தார். வடிந்துகொண்டிருந்த தண்ணீருக்கு வெளியே, பாலத்தின் கால்கள் கறுத்து, பாசி பிடித்து, வரிசையாகத் தெரிந்தன.

"இந்தப் பாலத்துக்குப் பன்னிரண்டு கால்கள்," என்றார். "ஏழு வருஷமாகக் கீழே இறங்கிப் பார்த்து வருகிறேன். ஒன்றுகூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை."